காலி அட்டையும் கடுகெண்ணெய் வாசனையும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். பேசச் சொல்லியிருந்தால் பேசிவிட்டுப் போயிருப்பேன்; எழுதச் சொன்னதுதான் வம்பு. ஆறாம் வகுப்பில் பாதியோடு நின்றவள் நான். மீதிப் பாதியில் என்ன இருந்தது என்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அது இல்லாமலேயே சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தேன், தோட்டத்து மருந்தகத்தில் தரை துடைத்தேன், அங்கேயே ஊசி போடுபவருக்குக் கையாளாக நின்றேன், கடைசியில் மலைக்குக் கீழே இருக்கிற இந்த ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில் வீடு வீடாகப் போகும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். நீங்கள் பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கும் அதே வேலைதான். எனக்குப் பெயர் பேச்சி, அதற்குப் பின்னால் அக்கா. அவ்வளவுதான் பட்டம்.

வேலை என்னவென்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். மார்பில் புற்று வந்து ஆபரேஷன் முடிந்த பெண்கள், கட்டி திரும்ப வராமல் இருக்க, தினம் ஒரு மாத்திரை, அஞ்சு வருடம் சாப்பிட வேண்டும். சாப்பிட வைக்க வேண்டியது நாம். கேட்க எளிதாக இருக்கும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் காய்ச்சல் போகும், அதனால் போடுவார்கள். இந்த மாத்திரையைப் போட்டால் எதுவும் போகிற மாதிரித் தெரியாது. புதிதாக நாலு வரும். மூட்டு வலிக்கும், காலையில் விரல் மடங்காது, மூடுபனிக்குள் நிற்கும்போதே உடம்பு கொதித்து வேர்க்கும். நன்றாக இருக்கிற உடம்பை நோயாளி ஆக்குகிற மாத்திரையை, நோய் வராமலிருக்க, அஞ்சு வருடம். நீங்களாக இருந்தால் சாப்பிடுவீர்களா என்று கேட்க மாட்டேன். இரண்டு நாள் ஜுரத்துக்குக் கொடுத்த மாத்திரையில் பாதியை நீங்கள் எல்லோரும் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

முதல் நாள் பயிற்சியில் ஓர் அட்டவணை காட்டியிருப்பார்கள். எந்த இனத்துப் பெண்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள், எந்த இனத்தார் பாதியில் விடுகிறார்கள் என்று கட்டம் கட்டி, வண்ணம் அடித்து வைத்திருக்கும் அட்டவணை. மேல் வரிசையில் ஊர்க்காரர்கள், அதாவது மலையாளிகள். அதற்குக் கீழே எஸ்டேட்டுத் தமிழர்கள். அதற்கும் கீழே காட்டுக்குடிகள். எல்லோருக்கும் அடியில், ரயிலேறி வந்து தோட்டத்தில் வேலை பார்க்கும் ஜார்க்கண்டுப் பெண்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஒரே குறை, அட்டவணைக்குக் கால் கிடையாது. அது எந்த வீட்டுக்கும் போனதில்லை.

அந்த மேல் வரிசையில் ஒரு டீச்சரம்மா இருந்தார். ஓய்வு பெற்றவர், கண்ணாடி, காரில் வருவார், மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டால் சிரித்தபடி தலையாட்டுவார். இரண்டு வருடம் அவர் பெயருக்கு நேரே பச்சைக் குறி. ஒரு நாள் அவர் மருமகள் ஒரு பை நிறையப் பிரிக்காத மாத்திரையைக் கொண்டுவந்து கவுண்டரில் கொட்டி, இதைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, தேதி முடியப் போகிறது என்று கேட்டாள். மாத்திரை எலும்பைத் தின்றுவிடும் என்று டீச்சருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல மலையாளத்தில், முகம் கோணாமல், இரண்டு வருடம் பொய் சொல்லியிருக்கிறார். எஸ்டேட்டு வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், இருக்கிற பெண்களுக்கு இவ்வளவு அழகாகப் பொய் சொல்ல வராது. அதனால் அவர்கள் கீழ் வரிசை.

இதைப் பார்த்த பிறகு நானே ஒரு முறை கண்டுபிடித்தேன். இந்த ஆஸ்பத்திரியில் இன்றும் அது நடக்கிறது, யார் கண்டுபிடித்தது என்று யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். காலி அட்டை. பத்து மாத்திரை உள்ள அட்டை மாதத்துக்கு மூன்று. மூன்று காலி அட்டையைத் திருப்பித் தந்தால்தான் அடுத்த மூன்று. டாக்டர்கள் கை தட்டினார்கள். நான் காலி அட்டைகளை எல்லாம் பெயர் எழுதிய பைகளில் போட்டு ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி, யார் வந்தாலும் திறந்து காட்டுவேன். டீச்சரம்மாவிடம் மட்டும் காலி அட்டை கேட்க அதற்குப் பிறகும் எனக்கு வாய் வரவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் வராது.

என் பிஸ்கட் டின்னில் மாணிக்கம் என்றால் பஞ்சவர்ணம். ஐம்பது வயதைத் தாண்டியவள், போடிப் பக்கத்து வம்சம், நான் வேலை செய்த அதே எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள். இரண்டு வருடமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் மூன்று அட்டை, ஒரு மாத்திரை மிச்சமில்லாமல். ஆஸ்பத்திரியில் கூட்டம் நடந்தால் அவளைக் கூட்டிப் போய் நிறுத்துவேன். எங்கள் ஆட்கள் ஒழுங்கில்லை என்று சொன்ன டாக்டர் முகத்துக்கு நேரே நிறுத்தினேன். அவள் அட்டைகளை நடுவில் நீளவாக்கில் கத்தரித்து, இரண்டு பாதியாக, ரப்பர் போட்டுக் கொண்டுவருவாள். சுருக்குப் பைக்குள் அடங்குவதற்காக என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு நேர்த்தி பாருங்கள் என்று அதையும் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

அதே லயத்தில், அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, புத்னி என்று ஒருத்தி. ஜார்க்கண்டுக்காரி. பஞ்சவர்ணத்துக்கு ஆபரேஷன் ஆன ஆறு மாதத்தில் அவளுக்கும் ஆனது, அதே நோய், அதே மாத்திரை. மூன்று மாதம் வந்தாள். பிறகு வரவில்லை. மூன்று மாதம் வராதவர் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்து, பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும் என்பது விதி. நான் போகவில்லை. இந்திக்காரர்கள் இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்கு ரயிலேறி விடுவார்கள் என்று எனக்குத் தெரியுமே. மேஜையில் உட்கார்ந்தபடியே, 'சொந்த ஊருக்குப் போய்விட்டார்' என்று எழுதி ஒரு கையெழுத்தும் போட்டேன். எங்களைக் கீழ் வரிசையில் வைத்த அட்டவணையைப் பார்த்துப் பல்லைக் கடித்தவள்தான் நான். எனக்குக் கீழே ஒரு வரிசை இருக்கிறது என்றதும் கடிப்பு நின்றுவிட்டது.

பஞ்சவர்ணம் ஒரு வெள்ளிக்கிழமை சோதனைக்கு வந்தாள். தழும்புக்குப் பக்கத்தில் நிலக்கடலை அளவுக்கு ஒரு கட்டி. அதிலிருந்து எடுத்து அனுப்பிய சோதனையின் முடிவு அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது; அதேதான், திரும்பி வந்திருக்கிறது. டாக்டர் என்னைக் கூப்பிட்டார். தினமும் மாத்திரை சாப்பிட்டும் வந்திருக்கிறது என்றால் அந்த மாத்திரை இவள் உடம்புக்குப் பலிக்கவில்லை என்று அர்த்தம், அதை நிறுத்திவிட்டு அடுத்த வாரமே வேறு மருந்துக்கு மாற வேண்டும் என்றார்; பஞ்சவர்ணத்திடமும் அதைச் சொல்லி அனுப்பியிருந்தார். அது கடுமையான மருந்து. ரத்தத்தைக் குறைக்கும், ஆளைச் சாய்க்கும், அவளால் மலையில் நின்று வேலை பார்க்க முடியாது.

"தினமும் சாப்பிட்டாங்கதானே?" என்று கேட்டார்.

"நான் கேரண்டி டாக்டர்" என்றேன். பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தேன்.

பக்கத்தில் ஹெட் சிஸ்டர் நின்றிருந்தார். மலையாளத்துக்காரர், எனக்கு இந்த வேலையில் நல்லது கெட்டது சொல்லித் தந்தவர், வாழ்நாளில் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தியிருந்தால் தேவலாம் என்று நமக்குத் தோன்றும்படி பேசுவார்.

"பேச்சி, மாத்திரை விழுங்குறது நீ கண்டோ?"

"காலி அட்டை இருக்கே சிஸ்டர்."

"அட்டையத்தானே கண்டது" என்று சொல்லிவிட்டு வேறு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

கோபம் தலைக்கேறியது. ஆறாம் வகுப்புக்காரியிடம் இப்படித்தான் கேட்பீர்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே டின்னைத் திறந்து பஞ்சவர்ணத்தின் பையை மேஜையில் கவிழ்த்தேன். இரண்டு வருடத்து அட்டை. பிரித்துப் பார்த்தேன். ஆரம்பத்துச் சில மாதங்களின் அட்டைகள் முழுசு. அதற்குப் பிறகு எல்லாமே பாதி பாதி. முகர்ந்து பார்த்தேன். என் மூக்கைப் பற்றி இந்த மலையில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரு பாதியில் ஒன்றுமில்லை. இன்னொரு பாதியில் கடுகெண்ணெய். அடுத்த அட்டை, ஒரு பாதி சும்மா, ஒரு பாதி கடுகெண்ணெய். எங்கள் ஆட்களில் எவள் வீட்டிலும் கடுகெண்ணெய் கிடையாது. அந்த லயத்தில் அதை ஊற்றிச் சமைக்கிறவர்கள் யார் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் ஊருக்குப் போய்விட்டாள் என்றல்லவா எழுதியிருக்கிறேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மலையேறினேன். பத்து மணிக்குத் தேநீர் குடிக்க உட்காரும் நேரத்தில் தோட்டத்துக்குள் போய்விட்டேன். இரண்டு பேரும் ஒரு பாறை மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சவர்ணம் என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளவில்லை.

"என்னக்கா, வீட்டுக்குக்கூடப் போகாம மலைக்கே வந்துட்ட. நான் சாகப்போறேன்னு சொல்ல வந்தியா?"

புத்னியைப் பார்த்துக் கையை நீட்டினேன். அவள் பஞ்சவர்ணத்தின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்து ஒரு பாதி அட்டையை எடுத்து என் கையில் வைத்தாள். அஞ்சு மாத்திரைக்கான இடம், மூன்று காலி, இரண்டு மிச்சம்.

"எத்தனை நாளாடீ இந்தக் கூத்து?" என்று பஞ்சவர்ணத்தைக் கேட்டேன்.

"ஒன்றரை வருசம் இருக்கும். அவ ஒரு நா, நான் ஒரு நா. அட்டையக் கரெக்டாத் திருப்பித் தந்துருவா, ஒண்ணு தொலைக்க மாட்டா."

"இது என்ன வெத்தலையா, கிள்ளிக் குடுத்துக்க?"

"எனக்கு ஆபரேசன் ஆகி வந்தப்ப கை மேல தூக்க முடியல. நீ வந்து அட்டை எண்ணிட்டுப் போன. இவதான் பக்கத்து நிரை. அவ சாக்குல இருந்து தினம் ரெண்டு பிடி என் சாக்குல போட்டா. எடைல நான் குறையல, வேலைல இருந்து என் பேர எடுக்கல. அவளுக்கு மாத்திர குடுக்க மாட்டேன்னுட்டாங்க. நான் மட்டும் தின்னுட்டு இவ முகத்துல எப்படிக்கா முழிப்பேன்?"

தேயிலையில் நின்றிராதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். செடிகளுக்கு நடுவே ஆளுக்கு ஒரு நிரை. பக்கத்து நிரைக்காரிக்கு உடம்பு முடியவில்லை என்றால், எடை போடும் இடத்துக்குப் போவதற்கு முன்னால், கேட்காமலே அவள் சாக்கில் இரண்டு பிடி கொழுந்து போடுவது வழக்கம். சூப்பர்வைசர் கண்டும் காணாமல் திரும்பிக்கொள்வார். என் தலைப்பிரசவத்துக்குப் பிறகு எனக்கும் போட்டிருக்கிறார்கள். அந்த வழக்கத்தை மாத்திரையிலும் செய்யலாம் என்று நினைக்க எங்கள் ஆட்களால்தான் முடியும். இதற்கு உங்கள் அட்டவணையில் கட்டம் இருக்கிறதா, தேடிப் பாருங்கள்.

"பெரிய தர்மம்தான்" என்றேன்.

பஞ்சவர்ணம் கொஞ்சம் தலையைக் குனிந்தாள். "எல்லாம் தர்மம்னு சொல்லிக்க மாட்டேன். ஒரு நா விட்டு ஒரு நா தின்னா வெரலு மடங்குது, கொழுந்து வெட்டுற கத்திரி பிடிக்க முடியுது. எனக்கும் சவுரியமாத்தான் இருந்துச்சு."

புத்னி பக்கம் திரும்பினேன். நீ ஏன் ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்தினாய் என்று கேட்டேன். அவள் லயத்தில் கற்றுக்கொண்ட தமிழில், அக்கா என்பதை மட்டும் தன் ஊர்ப் பேச்சில் தீதி என்று வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"நா மூணு தடவ வந்தேன் தீதி. கேரளா கார்டு இருந்தாத்தான் ஃப்ரீயா மாத்திரன்னு கவுண்டர்ல சொன்னாங்க. நீ பக்கத்துல நின்ன. கார்டு எடுத்துட்டு வான்னு நீதான் சொன்ன. எங்க இருந்து எடுக்க?"

எனக்கு நினைவில்லை. அதுதான் அசிங்கம். சொல்லியிருப்பேன். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிற வார்த்தை அது.

டாக்டரிடம் இதைச் சொல்லியாக வேண்டும் என்றேன். பஞ்சவர்ணம் எழுந்து நின்றாள்.

"சொல்லாதக்கா. ஏற்கெனவே நம்ம ஆளுகளக் கேவலமா எழுதி வச்சிருக்காங்க. இருக்கிற ஒருத்தியும் திருடின்னு ஆயிரும். என் மாத்திரையும் போயிரும், அவளுக்குக் கிடைக்கிறதும் போயிரும். கட்டி எனக்குத்தானே வந்திருக்கு, அந்தப் புது மருந்த நானே தின்னுட்டுப் போறேன்."

அங்கேதான் எனக்குத் தயக்கம் வந்தது. உங்களில் யாரும் பார்க்கவில்லை என்பதால் வீரமாக நின்றேன் என்று எழுதிக்கொள்ளலாம், அப்படி நிற்கவில்லை. சொன்னால் என் காலி அட்டை முறை சந்தி சிரிக்கும். போகாத வீட்டுக்குப் போனதாக எழுதிய கையெழுத்து வெளியே வரும். ஓய்வு பெற எனக்கு ஒன்றரை வருடம் பாக்கி. சொல்லாவிட்டால், ஒழுங்காகச் சாப்பிடாத மாத்திரையைப் பலிக்காத மாத்திரை என்று தூக்கிப் போட்டுவிட்டு, தேவையா இல்லையா என்று தெரியாமலே அவளுக்குக் கடுமையான மருந்தைக் கொடுப்பார்கள். கட்டி கடலை அளவில் இருக்கும்போதே அவளுக்கு இருக்கிற வழிகளில் ஒன்றை நான் வாயை மூடிக்கொண்டே அடைத்ததாக ஆகும். பிள்ளைகளே, இந்த வேலையில் பெரிய புத்தி எதுவும் வேண்டியதில்லை. நம் மானத்தையும் அடுத்தவள் உடம்பையும் ஒரே தராசில் வைக்கிற நேரம் ஒன்று வரும், அப்போது தராசிலிருந்து நம் கையை எடுத்துவிட வேண்டும். எனக்கு அதற்கு ஒரு டம்ளர் தேநீர் குடிக்கும் நேரம் ஆனது. புத்னி நீட்டிய டம்ளர்.

"நீ என்னை என்ன வேணாலும் வைஞ்சுக்க" என்று பஞ்சவர்ணத்திடம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

திங்கட்கிழமை டாக்டர் அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைவிட இருபத்தைந்து வயசு மூத்தவர் மாதிரி அவர் என்னைப் பார்த்தார். "அப்போ இந்த ஒன்றரை வருஷம் நம்ம ரெகார்டு?" என்றார். "குப்பை டாக்டர்" என்றேன். பதிவேட்டை எடுத்து, ஊருக்குப் போய்விட்டார் என்ற என் வரியையும் காட்டினேன். ஹெட் சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, பேனாவை என் பக்கம் தள்ளினார். அடித்துவிட்டு, அதற்குக் கீழே, 'லயத்தில்தான் இருந்தார், நான் போகவில்லை' என்று எழுதினேன். தமிழில் எழுதினேன். மலையாளத்தில் எழுதினால் இன்னும் கொஞ்சம் மரியாதையாகத் தெரிந்திருக்கும்.

டாக்டர் திட்டியது ஒரு பக்கம் இருக்கட்டும். புது மருந்தை நிறுத்தி வைத்தார். கட்டியை மட்டும் வெட்டி எடுப்போம், பழைய மாத்திரையை இந்த முறை முழுசாகச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார். புத்னியை வரச் சொல்லி எல்லாச் சோதனையும் செய்தார்கள். அவளுக்கு எதுவும் இல்லை. யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதில் நியாயம் தேடாதீர்கள், கிடைக்காது. அவள் கார்டுக்கு நான் ஓடிய ஓட்டம் தனிக்கதை. மேனேஜர் ஆபீஸ், பஞ்சாயத்து, மறுபடியும் மேனேஜர் ஆபீஸ். இவள் இந்த லயத்தில்தான் இருக்கிறாள் என்று ஒரு காகிதம் எழுத மூன்று அதிகாரிகள் யோசித்தார்கள். அவள் இல்லை என்று எழுத நான் ஒருத்தி, யோசிக்கவே இல்லை.

புத்னி கவுண்டரில் தன் பெயருக்கு மூன்று முழு அட்டை வாங்கிய அன்று பஞ்சவர்ணமும் தன்னுடையதை வாங்க வந்திருந்தாள், ஆபரேஷன் தையல் பிரித்த கையோடு. புத்னி அட்டையை வாங்கினாள், குழாயடிக்குப் போனாள், நிதானமாக முதல் அட்டையை நடுவில் மடக்கிக் கிழித்து, பாதியைப் பஞ்சவர்ணத்திடம் நீட்டினாள்.

"சங்கடப்படாம வாங்கிக்கோ. உன்னோடதுதான்" என்றாள்.

பஞ்சவர்ணம் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "வாங்கிக்கட்டாக்கா? ஒரு மாசம் தினம் ரெண்டா தின்னா விட்டதப் பிடிச்சிரலாம்ல?"

அந்த இடத்தில் நான் தமிழில், மலையாளத்தில், தெரிந்த நாலு வார்த்தை இந்தியில் கத்தினேன். காவலாளி வந்துவிட்டார். இரண்டு பேரையும் குழாயடியில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு மாத்திரை வாயில் போட வைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். இத்தனை வருட வேலையில் ஒருத்தி மாத்திரை விழுங்குவதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

"முழுங்கியாச்சு" என்றாள் பஞ்சவர்ணம். "நாளைக்கு எங்க ரெண்டு பேருக்கும் வெரலு மடங்காது. கொழுந்து ஆரு எடுப்பா? நீயா?"

கேள்வி நியாயமானது. மாத்திரையைப் பற்றி அவளிடம் இரண்டு வருடம் பேசியிருக்கிறேன். விரலைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. அன்று மாலை அந்த லயத்துக்கு நானும் போனேன். பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மாத்திரையில் பங்கு கிடையாது, ஆனால் கொழுந்தில் உண்டல்லவா என்று கேட்டேன். பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை. விரல் மடங்கும்வரை, காலை முதல் எடைக்கு, ஆளுக்குக் கொஞ்சம் இரண்டு சாக்கிலும் போடுவதாக ஒத்துக்கொண்டார்கள். இந்திக்காரிகளும் சேர்ந்துகொண்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது இன்றும் நடக்கிறது. அடுத்த லயத்தில் இப்போது மூன்று பேருக்கு நடக்கிறது.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு நானும் சாக்கு கட்டிக்கொண்டு நிரையில் இறங்கினேன். என் காலத்தில் கையால் கிள்ளுவோம், இப்போது கத்திரி. என்ன பெரிய கத்திரி என்று நினைத்துத்தான் வாங்கினேன். அரை மணி நேரத்தில் தோள் கழன்றுவிட்டது. சூப்பர்வைசர் பையன், நான் மருந்தகத்தில் இருந்தபோது சொட்டு மருந்து ஊற்றிய பிள்ளை, வந்து என் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தான்.

"பெரியம்மா, இது கொழுந்தா, அடுப்புக்கு வெறகா?"

புத்னி சிரித்துவிட்டாள். பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை, மடங்காத விரல்களோடு தன் சாக்கின் வாயை என் பக்கம் விரித்துப் பிடித்தாள். "நீ போடுக்கா. வெறகோட வெறகா கிடக்கட்டும்."

போட்டேன்.